ஊதாத் தண்டு

கஞ்சா வளர்க்கிறேன் என்று வாய்விட்டுச் சொன்னால், தமிழர் நிறைந்த மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு பிறந்தநாளுக்கும் கூப்பிட மாட்டார்கள். அதனால் யசீகரன் "மருந்துக் கம்பனி" என்பதோடு நிறுத்திக்கொள்வான். பொய்யில்லை. டாக்டர் எழுதித் தரும் எண்ணெய்க்காக, பென்ரோசில் லைசென்ஸ் எடுத்துச் செடி வளர்க்கிற கம்பனிதான். வயது ஐம்பத்திரண்டு. ஏவன்டேலில் ஒற்றை அறை வாடகை. மனைவி நிசாந்தினி அவனை விட்டுவிட்டு மெல்பேர்ன் போய் ஆறு வருடம்.

அந்த ஆறு வருடத்தில் அவன் உருப்படியாகச் செய்தது ஒரு கஞ்சா ரகம். ஒன்றுபோல் இருக்கும் செடிகளை மட்டும் பொறுக்கி இணைத்து, மற்றதைப் பிடுங்கி எறிந்து, ஆறாம் தலைமுறையில் நாற்பது விதை போட்டால் நாற்பதும் ஒரே முகமாக வரும்படி செய்துவிட்டான். பெயர் "ஏவன்டேல்". பெயர் வைத்தால் ஆயிற்றா? ஒரே பெயரில் ஒன்பது விதச் செடி விற்கிற தொழில் இது! வேறோர் இடத்தில், வேறொருவர் கையிலும் அதே மாதிரி வளர்ந்தால்தான் கம்பனி பெயரைப் பதியும். இல்லையென்றால் செடிகளை அழித்து அறையை வேறு ரகத்துக்குக் கொடுத்துவிடும்.

வளர்த்துப் பார்க்கச் சம்மதித்தவள் கிளாரா. மலேசியத் தமிழச்சி, வடக்கே வங்காரே ஊரில் லைசென்ஸோடு சின்னக் கண்ணாடிக்கூடம் வைத்திருந்தாள். வளர்ப்பவர்கள் குழுவில் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. வெள்ளிதோறும் உயரம், இலை, வாசனை எல்லாம் கட்டம் போட்டு எழுதி அனுப்புவாள். அவள் எழுதி முடிக்கும்வரை யசீகரன் தன் குறிப்பைக் காட்டக்கூடாது என்பது முறை. அவனுக்கோ கதைக்க ஆளில்லை. வெள்ளி விடிந்ததும் முதல் வேலையாகத் தன்னுடையதை அனுப்பிவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருப்பான்.

ஆறாம் வாரம், "தண்டு ஊதா நிறம். இதுதான் ஏவன்டேலின் அடையாளம்!" என்று துள்ளி எழுதினான். "இங்கேயும் ஊதா" என்று அன்றைக்கே பதில் வந்தது. மனுசன் அன்று தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டே ரயிலில் வீடு போனான்.

பத்தாம் வாரம் எலக்ட்ரீஷியன் விட்டுப்போன துண்டுச்சீட்டு அவன் கண்ணில் பட்டது. ஊதா வந்த அந்த வாரம் முழுக்க ஹீட்டர் பழுது. திருத்திய பிறகு வந்த தண்டெல்லாம் பச்சை. குளிரில் வந்த நிறத்தையா அடையாளம் என்று எழுதினேன் என்று தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த நிமிடமே "இங்கேயும் ஊதா" என்ற பதில் நினைவுக்கு வந்தது. கிளாராவுக்குப் போன் போட்டான்.

"உங்கட கூடத்தில ஹீட்டர் ஒழுங்கா ஓடுதே?"

"ஓடுதுங்க. எப்பவும் இருபத்தஞ்சு டிகிரி. ஏன்?"

"அப்ப தண்டு எப்பிடி ஊதாவா வந்தது?"



"நீங்க அப்படித்தானே எழுதியிருந்தீங்க…"

"நான் எழுதினது பிழை, கிளாரா. நீங்கள் என்ன கண்டனீங்கள்?"

"ஒண்ணும் பாக்கல. ரெண்டாவது வாரமே எல்லாம் அழுகிப் போச்சு. சொன்னா நீங்க எழுதுறத நிறுத்திடுவீங்க. வெள்ளிக்கிழமை ஒருத்தர் எழுதுறாரேன்னு… அதான் லா."

"என்ர ஆறு வருசம் உங்களுக்கு விளையாட்டோ? இனி எழுதவேண்டாம்!" என்று போனை வைத்தான்.

மேலாளர் சரத் எட்டிப் பார்த்தான். "ரிப்போர்ட் ரெடியா? நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது."

போட்டிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அந்தப் பெயரை நம்பி எண்ணெய் வாங்குகிறவன் நோயாளி. யசீகரன் கிளாராவின் பத்துப் பக்கத்தையும் குறுக்கே கோடு போட்டு அடித்தான். புதன்கிழமை நாற்பது செடிகளும் அரைக்கிற மெஷினுக்குள் போயின. அவனே ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தான்.

வெள்ளி வந்தது. அனுப்ப ஒன்றுமில்லாமல் வெறும் அறையில் உட்கார்ந்திருந்தான். நாலு மணிக்குப் போன் அதிர்ந்தது. அதே கட்டம்.

"பதினோராம் வாரம். செடி: இல்லை. தண்டு: பார்க்கவில்லை. குறிப்பு: நாலு நாளாக மழை. யாரோடும் பேசவில்லை. மன்னித்துவிடுங்கள்."

கோபம் இன்னும் ஆறவில்லை. இரண்டு தரம் வாசித்தான். இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அவள் அனுப்பியதில் இது ஒன்றுதான் உண்மை. வெகுநேரம் கழித்துத் தன் கட்டத்தைத் திறந்து நிரப்பினான்.

"செடி: இல்லை. தண்டு: இல்லை. குறிப்பு: இங்கேயும் மழை. நானும் ஒருவரோடும் கதைக்கவில்லை."