கோட்டையிலிருந்து வந்த பெட்டி

கல்லறைத் திருநாள் மாலையில் செபாஸ்தியனின் கல்லறையருகே இருந்தவர்கள்: அவன் தகப்பன் சார்லாகிய நான், என் மனைவி மத்லேன், மருமகள் ஃபானி, அவனோடு படித்த தாவூது. வேறு யாரும் இல்லை.

நான் பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வு பெற்றவன். என் தகப்பனாரும் அப்படியே. அதே ராணுவத்தில் சேர்ந்த செபாஸ்தியன் போன வருடம் ஆப்பிரிக்கக் கரையில் ஒரு பழைய கோட்டையில் காவலுக்கு இருந்தான். ஒரு விடியற்காலையில் அந்நாட்டுப் படையில் பாதி மறுபாதியைச் சுட ஆரம்பித்தது. உள்நாட்டுப் போரின் முதல் குண்டு அந்தக் கோட்டையின் மேல்தான் விழுந்தது. ஈயம் ஊற்றி மூடிய பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்று உத்தரவு. நான் திறக்கவில்லை. வரும் பதினோராம் தேதி போர் நினைவுத் தூணில் அவன் பெயரை வெட்டுகிறார்கள்.

உயிரோடிருப்பவர் ஆளுக்கொரு மெழுகுவர்த்தியைத் தன் கையால் ஏற்றுவது எங்கள் வீட்டு வழக்கம். மூன்று ஏற்றினோம். தாவூது பூ வைத்தான்.

"மெடலெல்லாம் குத்திக்கிட்டு வந்திருக்கீங்க. யாருக்கு சல்யூட்டு? பொட்டிக்கா?" என்றாள் மத்லேன். "தூக்குறப்பவே சொன்னேன். எம்புள்ள இவ்வளவு லேசு இல்ல."

தாவூது கப்பலில் வேலை பார்ப்பவன். தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"அன்னிக்கு எங்க கப்பல் அந்தத் துறைமுகத்துக்கு வெளியதான் நின்னுச்சு அங்கிள். குண்டு விழறதுக்கு முன்னாடியே கோட்டையிலேர்ந்து ஒரு படகு வெளிய வந்துச்சு. அதுல ஒரு ஆளு..."

"தாவூது, போதும்."

"சொல்லட்டும் மாமா," என்றாள் ஃபானி. "நான் தாலியறுத்தவளா இல்லியான்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அதற்குள் சாமியார் கல்லறைகளைத் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார். அவர் பக்கம் திரும்பி நின்று சிலுவை போட்டுக்கொண்டோம்.

மறுபடி பார்த்தபோது நான்கு எரிந்தன.

நான்காவதின் காற்றுப்பக்கத்தில் ஒரு சிப்பி செருகியிருந்தது. சிறுவயதில் மண்டபத்தூர் கடற்கரையில் பொறுக்கிவந்து செபாஸ்தியன் அப்படித்தான் வைப்பான். சுற்றிலும் கொட்டியிருந்த புதுமணலில் எங்கள் காலடிகள் மட்டுமே இருந்தன.

"தாவூதண்ணே, நீங்களா?"

"அல்லா மேல சத்தியமா இல்லம்மா."

மத்லேன் இருட்டும் சவுக்குத்தோப்பைப் பார்த்து, "சாப்ட்டியாடா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சிப்பியை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். வீடு வரும்வரை அதன் சூடு ஆறவில்லை.

செபாஸ்தியன் ஓடிவந்துவிட்டான், இங்கேதான் எங்கோ இருக்கிறான் என்று ஊரில் பேசுகிறார்கள். தவறு. என் மகன் கோட்டையில் இறந்தான். நான்காவது மெழுகுவர்த்தியை ஏற்றியவன் நான்.