பர்ஸ்ட்டில் விழுந்த கீறல்

எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஊரிகம் சுரங்கத் தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் டெய்சியைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துப் பேசினால் சும்மா விடமாட்டேன்.

எங்கள் நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். புத்தகத்தோடு இசைத்தட்டையும் வீட்டுக்குக் கொடுக்க வேண்டும் என்று அறுபத்தொன்பதில் கமிட்டியோடு மல்லுக்கட்டி ஜெயித்தாள். தட்டை மட்டும் கொடுத்தால் எதில் போட்டுக் கேட்பது? பேட்டரியில் ஓடும் பிளேயர் ஒன்றையும் சேர்த்தே கொடுத்தாள். அதுவரை பாட்டு கேட்பதெல்லாம் ஆபீசர்கள் கிளப்போடு சரி. லைன் வீட்டுக்காரிகளுக்குத் தட்டைப் பிடிக்கத் தெரியுமா என்று கமிட்டியில் ஒருத்தர் கேட்டாராம். "சோத்துத் தட்ட தெனம் கழுவி வெக்கிறவளுக்கு இந்தத் தட்ட ஓரமா புடிக்கத் தெரியாதா சார்?" என்றாளாம். அடேயப்பா, என்ன தைரியம்!

என் வீட்டுக்காரர் ராஜப்பா இருபத்திரண்டு வருஷம் சுரங்கத்தில் பாறையில் துளை போட்டவர். கல்தூசி நெஞ்சில் இறங்கிப் படுக்கையோடு ஆகிவிட்டார். நாலடி நடந்தால் இரைக்கும். நூலகத்து நாதஸ்வரத் தட்டு ஒன்றுதான் அவருக்கு ஆறுதல். வித்வான் ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டே போகும்போது இவர் வாயைத் திறந்தபடி கிடப்பார். அந்த நேரத்தில் மட்டும் இருமல் வராது. இருபது நாளுக்கு ஒருதரம் எங்கள் முறை வரும். மனுஷன் நாளை எண்ணிக்கொண்டே இருப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே பூமிக்கடியில் பாறை வெடித்தது. எங்களுக்கு இது புதிதில்லை. பர்ஸ்ட் என்போம். வீடு ஆடும், பாத்திரம் உருளும், ஷிப்டுக்குப் போனவர்களை நினைத்துப் பெண்கள் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் பக்கம் ஓடுவார்கள். நல்லவேளை, அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தட்டில்தான் ஊசி சறுக்கி நீளமாகக் கீறிவிட்டது.

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். டெய்சி பங்காருபேட்டைக்குப் போயிருந்தாள். அன்று காலைதான் பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய புதுச் செயலாளர் பர்னபாஸ் உட்கார்ந்திருந்தார்.

"இந்தக் கீறல் எப்படி வந்தது?"

"பர்ஸ்ட் சார்."

"முதல் தடவைன்னா விட்டுடணுமா?"

"ஐயோ, பர்ஸ்ட்டு சார், பர்ஸ்ட்டு!"

"அதான் சொல்லிட்டீங்களே. பர்ஸ்ட்டோ செகண்டோ, ரூல் ரூல்தான்."

'கவனக்குறைவு. முதல் முறை என்று உறுப்பினரே ஒப்புக்கொண்டார்' என்று பதிவேட்டில் எழுதி, என் கார்டைப் பிடுங்கி மேஜைமேல் ஒதுக்கி வைத்தார். தட்டைக் கெடுத்தவருக்கு இனி எப்போதும் கார்டு கிடையாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த பிளேயரை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன். நூலகத்துச் சொத்தாயிற்றே என்று விட்டேன்.

வீட்டுக்கு வந்தால் இவர், "நம்ம மொற மறுபடி எப்ப மங்கா?" என்று கேட்கிறார். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

வியாழக்கிழமை டெய்சியிடம் போய்க் கொட்டித் தீர்த்தேன். அவள் பதிவேட்டைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாம்மே, என் வயிறு எரியுது, உனக்குச் சிரிப்பா?"

"அக்கா, நீங்க சொன்னது வெடிக்கிற பர்ஸ்ட்டு. அவரு காதுல வுழுந்தது ஒண்ணு ரெண்டு மூணுல வர்ற பர்ஸ்ட்டு. வாங்க."

செயலாளரிடம் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நம்பவில்லை. "யார் வேணும்னாலும் இப்படிச் சொல்லலாமே. சாட்சி உண்டா?"

டெய்சி வாதாடவில்லை. அலமாரியிலிருந்து வேறொரு தட்டை எடுத்து பிளேயரில் வைத்தாள். பாதியில் ஊசி டக்கென்று தாவியது.

"அதே செவ்வா, அதே நேரம், இது இங்க ஓடிக்கினு இருந்துச்சி சார். பக்கத்துல நின்னது நான்." தன் கார்டை எடுத்து என் கார்டின் மேலேயே வைத்தாள். "ரூல் ரூல்தான்னா, என்னுதும் போவட்டும்."

"நீங்க சொல்லலன்னா இது எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது சார்."

பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவரும் நல்ல மனுஷன்தான், ஒத்துக்கொள்கிறேன். எழுதியதை அடித்துவிட்டு, 'சேதப்படுத்தியவர்' என்ற கட்டத்தில் இரண்டு தட்டுக்கும் 'பூமி' என்று எழுதினார். எனக்கு டெய்சியைக் கும்பிட வேண்டும்போல் இருந்தது. கும்பிட்டும் விட்டேன். "போங்கக்கா, அண்ணன் காத்துக்கினு இருப்பாரு. அன்னிக்குப் பாதியில நின்னது ஒரு மொறையா?" என்று தட்டையும் பிளேயரையும் கையில் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டில் நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டுத் தட்டைப் போட்டேன். கீறல் நெருங்க நெருங்க ஊசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீண்டுகொண்டே போன நாதஸ்வரம் சட்டென்று அறுந்து, எங்கோ தள்ளிப் போய்த் தொடங்கியது.

அவர் கண்ணைத் திறந்தார்.

"இந்த ஆளுக்கு மூச்சே முட்டாதான்னு இத்தினி நாளு பொறாமையா இருந்துச்சி மங்கா," என்றார். "இன்னிக்குத்தான் நம்மாளு ஆனாரு."

அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார்.