கூடிக்கொண்டே போன படிகள்

மேனேஜர் "பார்க்கலாம்" என்று சொன்ன மறுநாள் காலையில் ரெடிமேட் கம்பெனியின் மாடிப்படியில் ஒரு படி கூடியிருந்தது. எல்லோருக்கும் அல்ல. மற்றவர்களுக்கு எப்போதும் இருந்த படிகள்தான். தங்கையை முதுகில் சுமந்து ஏறிய அண்ணனுக்கு மட்டும்தான் கூடியது. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவர் என்பதால் கால் கணக்கு அவருக்குத் தப்பாது. கொத்தனார் எப்போது வந்தார் என்று வாட்ச்மேனிடம் விசாரித்தார். யாரும் வரவில்லை.

தங்கைக்குச் சின்ன வயதிலேயே இரண்டு கால்களும் விளங்காமல் போய்விட்டன. மாடியில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் துளை தைப்பாள். காஜா எடுப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. அவள் கேட்டதும் பெரிய விஷயமில்லை. படியோரமாகச் சக்கர நாற்காலி போக ஒரு சாய்தளம். அது முடியாதென்றால் அவளுடைய மெஷினைக் கீழே இறக்கிப் போட வேண்டும். ஆனால் கீழே முதலாளியின் கார் நின்றது. காருக்கு மாடியேறத் தெரியாதே, பாவம்!

மேனேஜர் கெட்டவரும் இல்லை. முடியாது என்று யாரிடமும் முகத்திலடித்தாற்போல் சொல்லமாட்டார். "பார்க்கலாம்மா" என்பார். அவர் அப்படிச் சொல்லும்போதெல்லாம் ஒரு படி கூடுவதைப் புரிந்துகொண்டு அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் படிகள் கூடுவது நிற்கவில்லை. வருஷங்கள் போயின. விடிந்ததும் ஏறத் தொடங்கினால் மற்றவர்கள் டீ குடிக்கும் நேரத்துக்குத்தான் இருவரும் மேலே போய்ச் சேர்ந்தார்கள். அண்ணனுக்கு முட்டி வீங்கியது. இருமல் பிடித்துக்கொண்டது. தினமும் அவளை மெஷினில் உட்காரவைத்துவிட்டு அவர் நேராக மேனேஜர் அறைக்குச் சாய்தளம் கேட்கப் போவதைப் பக்கத்து மெஷின்காரிதான் கடைசியில் சொன்னாள்.

"நீ கேக்கக் கேக்கத்தாண்ணா படி கூடுது. இனிமே கேக்காத."

"கேக்காம எப்படிம்மா கெடைக்கும்?"

படியேறிக்கொண்டிருந்த அவர் முதுகிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள்.

ஒருநாள் சாயந்திரம் அவளை அழைத்துப்போக ஏறத் தொடங்கிய அண்ணன் மேலே வந்து சேரவில்லை. இருமல் மட்டும் கேட்டது. மற்றவர்கள் போய்த் தேடினார்கள். அவர்களுடைய படிகளில் அவர் இல்லை. வேறு யார் தூக்கினாலும் இறங்கமாட்டேன், அண்ணன் வந்து என்னைக் காணாமல் தவிப்பார் என்று அவள் பிடிவாதமாக இருந்தாள். துணிக்கட்டுகளின் மேல் படுத்து மாடியிலேயே குடியிருந்தாள்.

பிறகு வெளிநாட்டு ஆர்டர்காரர்கள் கம்பெனியைப் பார்வையிட வருகிறார்கள் என்று தகவல் வந்தது. கார் தெருவுக்குப் போனது. ஒரே வாரத்தில் சாய்தளம் எழுந்தது. சிமெண்ட் காய்ந்ததும், கீழே நின்றாவது கூப்பிட்டுப் பார்ப்போம் என்று பக்கத்து மெஷின்காரி மேலே கொண்டுவந்த சக்கர நாற்காலியில் அவள் இறங்கினாள். ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் தரையைத் தொட்டுவிட்டாள். இவ்வளவுதானா என்று சாய்தளத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

படிக்கட்டின் அடியில் போய் அண்ணாந்து கத்தினாள்.

"அண்ணா, நான் கீழ வந்துட்டேன். எறங்கி வா!"

"இதோ வந்துட்டேம்மா. அங்கேயே இரு," என்று வெகு உயரத்திலிருந்து குரல் வந்தது.

தினமும் வேலை முடிந்ததும் அவள் கூப்பிடுகிறாள். அவரும் அதையேதான் சொல்கிறார். குரல் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவருகிறது. ஷிப்டுக்கு ஏறுகிறவர்கள் அவருக்கு வழிவிட்டுச் சுவரோரமாகவே ஏறுகிறார்கள்.