புள்ளி வைத்த நத்தைகள்

1983 ஜூலையில் மில்ட்ரெட் இறந்தாள். மஞ்சள் காமாலை. எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினான்கு மாதம். ஆகஸ்டில் அவளுடைய முப்பதாம் நாள் பூசையை ஒட்டிப் பத்து நாள் விடுப்பு எடுத்தேன். அதற்கு மேல் எடுக்க முடியாது. கல்லூரி ஆய்வகத்தில் நத்தைகள் இருந்தன.

முத்தா ஆற்றில் ஒரு முலாம் பட்டறையின் சாக்கடை கலக்கும் இடத்தில் பிடித்தவை. அடையாளத்துக்கு மில்ட்ரெட்டின் நகப்பூச்சால் ஓட்டில் சிவப்புப் புள்ளி வைத்திருந்தேன். ஆற்றின் மேல்பக்கம் கடக்வாஸ்லா அணையில் பிடித்த நல்ல நத்தைகள் வேறு தொட்டியில், புள்ளி இல்லாமல்.

பட்டறைக் கழிவு நத்தையின் குடலில் வாழ்ந்து கீரையைச் செரிக்க உதவும் பாக்டீரியாவைக் கொல்கிறது. அது தெரிந்துவிட்டது. மீளுமா என்பதுதான் தெரியவில்லை. இரண்டு மாதம் நல்ல தண்ணீரில் வைத்தும் புள்ளி நத்தைகள் பாலக் கீரையைத் தொடவில்லை. தினமும் எச்சத்தை உறிஞ்சி எடுத்து இரண்டு தொட்டிகளையும் ஆஸ்பத்திரி போல வைத்திருந்தேன். நாற்பதில் பத்தொன்பது மிஞ்சின. இவையும் செத்தால் ஆய்வை முடித்துக்கொள் என்று பேராசிரியர் பட்டாபிராமன் சொல்லியிருந்தார்.

விடுப்பு முடிந்து போனபோது புள்ளித் தொட்டி காலி. உதவியாளர் ஜோசபினைக் கேட்டேன்.

“கண்ணாடி கீறி ஒழுகிச்சு சார். எல்லாத்தையும் அந்த நல்ல தொட்டியிலயே போட்டுட்டேன்.”

“யாரைக் கேட்டு?”

“யாரைக் கேக்கறது? நீங்க பூசையில இருந்தீங்க. தனியா கெடந்து மட்டும் என்னத்தக் கண்டுதுங்க?”

இரண்டையும் கலந்துவிட்டால் எதை எதோடு ஒப்பிடுவது? இரண்டு வருட வேலை. கோபம் வரும் என்று நின்றேன். வரவில்லை. புள்ளிகளை எண்ணினேன். பத்தொன்பதும் இருந்தன. பத்து நாளாக யாரும் அந்தத் தொட்டியைச் சுத்தம் செய்யவில்லை. அடியில் நல்ல நத்தைகளின் எச்சம். புள்ளி நத்தைகள் அதைத் தின்றுகொண்டிருந்தன. இரண்டு, மேலே ஏறிக் கீரையைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

தண்ணீர் தராத அந்தப் பாக்டீரியா, நல்ல தொட்டியிலிருந்து நான் தினமும் உறிஞ்சிக் கொட்டிய எச்சத்தில் இருந்திருக்கிறது.

புள்ளி நத்தை ஒன்றை அறுத்துக் குடலை வளர்ப்புத் தட்டில் தேய்த்து வைத்தேன். மூன்றாம் நாள் தட்டு முழுக்க பாக்டீரியா. பட்டாபிராமன் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தார்.

“ஒரு தட்டை வெச்சுண்டு ஆடாதே. தனித் தொட்டியில மறுபடி பண்ணு,” என்றார். ஜூன் வரை அவகாசம் கொடுத்தார்.

மழை நின்றதும் பட்டறைச் சாக்கடையருகே முப்பது நத்தைகள் பிடித்தேன். இரண்டு தொட்டிகளில் பாதிப் பாதியாக விட்டேன். ஒன்றில் மட்டும் நல்ல நத்தைகளின் எச்சத்தை ஒரு கரண்டி போட்டேன். அந்தத் தொட்டியில் ஒன்பதாம் நாள் காலை கீரையின் நரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. மற்றதில் கீரை போட்டபடியே கிடந்தது.

பாலக் இன்னும் இரண்டு கட்டு வாங்கி வரச் சொல்லி ஜோசபினைக் கேம்ப் சந்தைக்கு அனுப்பினேன்.