வில்லோக் கன்னிக்கால்

கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணலாம். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மவுண்ட் ரோஸ்கில்லில் சோதிலிங்கத்தின் மகள் நிலானிக்குக் கலியாணம் நிச்சயமானது. கலியாணத்துக்கு முன்பு வீட்டின் ஈசான மூலையில் கன்னிக்கால் நட வேண்டும். யாழ்ப்பாணத்தில் அதற்கு முள்முருங்கைத் தடி. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் முள்முருங்கைக்கு எங்கே போவது? மாப்பிள்ளையின் தாய் புஷ்பவதி கறாராகச் சொல்லிவிட்டார்.

"தடி துளிர்க்காட்டி நாள் தள்ளித்தான் வைக்கோணும் அண்ணை. பட்ட தடிக்கு முன்னால என்ர பிள்ளை தாலி கட்டான்."

சோதிலிங்கம் ரோசாத் தடி நட்டார், பட்டது. எலுமிச்சைத் தடி நட்டார், அதுவும் பட்டது. கடைசியில் கூட்டாளி கேதீஸ்வரன் அவரைக் காரில் ஏற்றி, பாபகூரா தாண்டி ஹுனுவா மலைக்குக் கொண்டுபோனான். அங்கே ஓடையின் இரு கரையிலும் வில்லோப் புதர்கள் தண்ணீருக்குள் கால் நீட்டிக்கொண்டு நின்றன. வெள்ளத்தில் முறிந்த குச்சிகள் ஒதுங்கிய இடமெல்லாம் வேர்விட்டு, கூழாங்கற்களுக்கு நடுவிலும் பச்சை.

"இது சாகாது அண்ணை. போன வருசம் ஒருத்தன் இதில தூண்டில் கம்பு வெட்டிக் குத்திவச்சிட்டுச் சாப்பிடப் போனான். வந்து பாத்தா தூண்டில் மரத்து உச்சியில."

"மீன்?"

"மீனும் அங்கதான்."

சோதிலிங்கம் நம்பவில்லை. ஒரு தடியை வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். பாபகூரா சிக்னலில் நிற்கும்போதே அது அவருடைய சட்டைப் பையைத் துழாவியது.

முறைப்படி பாலும் தண்ணீரும் விட்டு நட்டார். விடிய இலை வந்தது. மாலைக்குள் கூரையைத் தாண்டியது. வீட்டுக் குழாய் வறண்டது. பக்கத்து வீட்டு நீச்சல்குளமும் காலி. பிறகு தடியைத் தேடிக்கொண்டு ஓடையே மலையிறங்கி, மோட்டர்வேயில் இடது பக்கமாகவே ஓடிவந்து, பின்வளவில் அமைதியாகப் படுத்தது. விலாங்குகளும் கூடவே வந்தன.

துளிர் பார்க்கப் புஷ்பவதி வந்தார். அண்ணாந்து பார்த்தார்.

"எங்கட வீட்டில நட்ட தடி வாடிக் கிடக்கு அண்ணை. உங்கடது இப்பிடி வளந்தா என்ர பெடியன் உங்கட வீட்டோடயே போயிடுவான். இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

உள்ளே நிலானி கூறைச் சேலைக்குச் சட்டை போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சோதிலிங்கம் எட்டி ஒரு கொப்பை முறித்து நீட்டினார்.

"கொண்டுபோய் நடுங்கோ தங்கச்சி. தண்ணி ஊத்த வேண்டாம். அது தானே தேடிக்கொள்ளும்."

புஷ்பவதியின் வீடு அடுத்த தெரு. அங்கும் மரம் எழுந்தது. இரண்டு மரத்து வேர்களும் தெருவுக்கடியில் சந்தித்து முறுக்கிக்கொண்டன. இந்த வீட்டில் கதவைச் சாத்தினால் அந்த வீட்டில் தேத்தண்ணிக் கோப்பை ஆடியது. ஆடிய கோப்பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே புஷ்பவதி போன் எடுத்தார்.

"இனிப் பிரிக்கேலாது அண்ணை. நாள் மாத்தத் தேவையில்லை."

மாப்பிள்ளை ஓடைவழியே தோணியில் வந்து, வில்லோ நிழலில் தாலி கட்டினான்.

ஒன்று மட்டும் சொல்ல மறந்துவிட்டேன். சோதிலிங்கத்துக்குப் பிள்ளைகள் கிடையாது.