லைனில் இருந்தவள்

பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்தது கொளஞ்சியம்மாளின் கணவர் சின்னையன்தான். பழைய ராலிக் கார்கள் சென்னையிலிருந்து தரங்கம்பாடி வரை ஊர்வலமாகப் போகின்றன, ஞாயிற்றுக்கிழமை மதியம் சிதம்பரத்தில் நிற்கும், அந்தக் காலத்தில் டயர் கடை வைத்து ராலிக்கு உழைத்த ராஜமாணிக்கத்துக்கு அங்கே சால்வை போர்த்துகிறார்கள் என்று சத்தமாக வாசித்தார். அவள் ஆய்ந்துகொண்டிருந்த கீரையைத் தள்ளி வைத்தாள்.

"நானும் போய்ட்டு வரேன்."

"ஒன்ன எவன் கூப்ட்டான்?"

கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் அது உண்மை. அவளை யாரும் கூப்பிடவில்லை.

இது இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷம். கடலூர் டெலிபோன் எக்சேஞ்சில் கொளஞ்சியம்மாள் வெளியூர் கால்களை இணைத்துக் கொடுக்கும் ட்ரங்க் போர்டு ஆபரேட்டராக இருந்த காலம் முடிந்து வெகுநாளாகிவிட்டது. நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்ததும் போர்டைக் கழற்றி ஒரு மூலையில் சாத்தினார்கள். அவளை பில் செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். அங்கிருந்துதான் ரிட்டயர் ஆனாள். அதற்கு முன்னால், எண்பதுகளில், வருஷத்துக்கு ஒரு நாள் அகில இந்திய கார் ராலி இந்த வழியாகப் போகும். சிதம்பரத்தில் ராஜமாணிக்கம் வைத்திருந்த டயர் கடைதான் நேரம் குறிக்கிற கண்ட்ரோல். ஒவ்வொரு வண்டியும் வந்து சேர்ந்த நேரத்தை அவர் மெட்ராஸுக்குச் சொல்ல வேண்டும். அந்த லைன் கடலூர் வழியாகத்தான் போகும். பாதி நேரம் இரைச்சலில் அவர் குரல் மெட்ராஸுக்கு எட்டாது. அப்போது நடுவில் இருக்கிற ஆபரேட்டர்தான் கேட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும். வண்டி நம்பரும் நேரமும் அவள் வாயிலிருந்துதான் மெட்ராஸுக்குப் போயிற்று. ஊரெல்லாம் ரோட்டோரம் நின்று ராலி பார்த்தபோது, ஒரு காரைக்கூடப் பார்க்காமல், ஹெட்செட் மாட்டிய வலது காதாலேயே பத்து வருஷம் அவள் ராலியைப் பின்தொடர்ந்தாள்.

ராலியில் லேட்டாக வந்தால் மட்டுமல்ல, சீக்கிரம் வந்தாலும் மார்க் குறையும் என்பதை அவள் அப்படித்தான் தெரிந்துகொண்டாள். சீக்கிரம் வந்துவிட்ட வண்டிகள் வெள்ளாற்றுப் பாலத்துக்கிட்டேயே ஓரங்கட்டி நிற்கும். "நாலு வண்டி நிக்கிது கடலூர், டைம் ஆவட்டும்" என்பார் ராஜமாணிக்கம். ஒருவர் பெயர் மற்றவருக்குத் தெரியாது; ராஜமாணிக்கம் என்ற பெயரே இப்போது பேப்பரில்தான் தெரிந்தது. அவர் அவளுக்குச் சிதம்பரம், அவள் அவருக்குக் கடலூர். வண்டிகள் வரும்வரை லைனை விடமாட்டார். கடையில் டீ கிளாஸ் வைக்கிற சத்தம் கேட்கும். பக்கத்தில் யாரோ டயருக்குக் காற்றடிப்பார்கள். அவர் மூச்சு விடுவது கேட்கும். ஆபரேட்டர் லைனில் இருக்கிற பார்ட்டியோடு சொந்தப் பேச்சுப் பேசக்கூடாது என்பது சட்டம். அவள் பேசமாட்டாள், அவரும் பேசமாட்டார். அந்தச் சும்மா இருத்தலில் இரண்டு பேரும் சேர்ந்து எதற்கோ காத்திருந்ததாக அவளுக்குத் தோன்றும். அதற்கு ஒரு பெயர் வைக்க அவள் நினைத்ததில்லை. பெயர் வைத்தால் தப்பாகிவிடும் என்ற பயம் இருந்திருக்கலாம். அத்தனை வருஷம் வேலை பார்த்ததில் அவள் தனக்கென்று எடுத்து வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

வீட்டில் இப்போதும் அதே வேலை. சின்னையனும் மகன் அன்பரசும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. ஒரே கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அவளிடம், "கரண்ட் பில்லு கட்டியாச்சான்னு கேளு" என்பார் ஒருவர். "கட்டியாச்சுன்னு சொல்லு" என்பான் இன்னொருவன். ஏச்சு ஜாஸ்தியானால் பாதியை விழுங்கிவிட்டு மீதியைச் சொல்வாள். அவளாக ஏதாவது சொன்னால் இருவருமே நிமிர்ந்து பார்ப்பதில்லை. சாயங்காலமானால் உடம்பு அடித்துப் போட்டதுபோல் ஆகிவிடும். வேலையால் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். கொஞ்ச நாளாக அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. நீ இருந்தாய், உன்னை எனக்குத் தெரியும் என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும். அதைச் சொல்லக்கூடியவர் உலகத்தில் ராஜமாணிக்கம் ஒருத்தர்தான் என்று நம்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சோறாக்கி வைத்துவிட்டு பஸ் ஏறினாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ் நின்று நின்று போயிற்று. வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறும்போது எட்டிப் பார்த்தாள். நாலு வண்டி நிற்பதற்கு அங்கே இடமே இல்லை. மனசுக்குள் அவள் ஒரு பெரிய ஆலமரத்தையும் நிழலையும் வைத்திருந்தாள். ஆலமரத்தைப் பற்றி அவர் சொன்னதே இல்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் கார்கள் நின்றன. ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசிடரும். எல்லாம் சின்னதாக இருந்தன. இவ்வளவு சின்ன வண்டிக்காகவா நெஞ்சு அப்படி அடித்துக்கொண்டது?

ராஜமாணிக்கம் மாமரத்தடியில் நாற்காலி போட்டு, சால்வையோடு உட்கார்ந்திருந்தார். எண்பதை நெருங்கியிருப்பார். அவள் பக்கத்தில் போய் நின்று, கடலூர் எக்சேஞ்சில் இருந்தேன், ராலி அன்றைக்கு உங்கள் லைனில் நான்தான் இருந்தேன் என்றாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தார்.

"அமிர்தம்! அமிர்தந்தான நீங்க?"



அமிர்தம் எக்சேஞ்சில் கொளஞ்சியம்மாளோடு வேலை பார்த்தவள். அன்பரசு பிறந்து இவள் ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒரு வருஷம் மட்டும் அமிர்தம் ராலி லைனில் உட்கார்ந்தாள். அவள் வாய் ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. பெயர் சொல்லியிருப்பாள், எந்த ஊர், டயர் என்ன விலை என்று கேட்டிருப்பாள், சிரித்திருப்பாள்.

"எஞ் சம்சாரத்துக்கிட்ட எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன் தெரியுமா? ஒரு வருசம் ஒரு வண்டி வரவே இல்ல. நீங்கதான் லைன விடாம, பரங்கிப்பேட்டை, ஆஸ்பத்திரி எல்லாத்துக்கும் போட்டுக் கேட்டு, வண்டி வயக்காட்டுல கெடக்கு, ஆளுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்க. அதுல இருந்து எல்லார்கிட்டயும் சொல்லுவேன், கடலூர் அமிர்தம் மாதிரி வராதுன்னு."

அந்த வண்டியை விசாரித்தது கொளஞ்சியம்மாள்தான். சட்டத்தை மீறினதற்காகச் சூப்பர்வைசரிடம் மெமோ வாங்கினதும் அவள்தான். அது நினைவிருக்கிறது இவருக்கு, ஒன்றும் தொலையவில்லை. எல்லாம் அமிர்தத்தின் பெயரில் பத்திரமாக இருக்கிறது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அத்தனையும் தன் கைக்கு வந்துவிடும். அந்த முகம், அந்தச் சந்தோஷம் எல்லாம் தனக்கே. அவள் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"நான் அமிர்தம் இல்லீங்க. எம் பேரு கொளஞ்சி."

அவர் முகத்திலிருந்த வெளிச்சம் மரியாதையாகக் கொஞ்சம் தணிந்தது. "அப்பிடீங்களா? நீங்களும் அங்கதான் வேலையா? ஒக்காருங்க, ஒக்காருங்க." பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக்கொண்டே கேட்டார். "அமிர்தம் அவுங்க எப்பிடி இருக்காங்க? இருக்காங்களா?"

அந்த வண்டியை விசாரித்தது நான்தான் என்று இப்போதும் சொல்லலாம். எந்த வருஷம், எந்த மெமோ என்று ஒவ்வொன்றாக எடுத்து வைக்கலாம். அவர் நம்புவார், வருத்தப்படுவார், அட ஆமாம் என்பார். அப்படி வாதாடி வாங்கின ஆமாமை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தான் பேசாமல் இருந்ததெல்லாம் அவருக்கும் கேட்டிருக்கும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். பேசாமல் இருந்தது யாருக்குமே கேட்காது என்பது ஆபரேட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. கால்தான் வலித்தது.

"பாண்டிச்சேரியில மவ வீட்டுல இருக்கா. நல்லா இருக்கா" என்றாள். கைப்பையிலிருந்து செல்போனை எடுத்தாள். இரண்டாவது ரிங்கிலேயே அமிர்தம் எடுத்துவிட்டாள்.

"என்னாடி கொளஞ்சி, அதிசயமா இருக்கு?"

"சிதம்பரம் லைன்ல இருக்காங்க. பேசு."

போனை அவர் கையில் கொடுத்தாள். எந்தப் பக்கம் காதில் வைப்பது என்று அவர் தடுமாற, திருப்பி வைத்துவிட்டாள். "அமிர்தம் அவுங்களா?" என்று அவர் உரக்கக் கேட்டதும், கொளஞ்சியம்மாள் நகர்ந்தாள். போர்டில் இருந்தபோது மூன்று நிமிஷத்துக்கு ஒரு தரம் பேச்சின் நடுவில் நுழைந்து, இன்னும் பேசுகிறீர்களா என்று கேட்க வேண்டும். அதற்காகவே லைனில் இருந்தாக வேண்டும். இப்போது யாரும் கேட்க வேண்டியதில்லை.

கார்களைத் தாண்டி, மதில் ஓரம் போய் நின்றாள். தொப்பி போட்ட ஒரு பெண், ராலிக்காரர்களோடு வந்தவள், தண்ணீர் பாட்டிலை நீட்டி, நீங்கள் எந்த வண்டி என்று கேட்டாள்.

"வண்டியெல்லாம் இல்லம்மா. எம் போன வாங்கிட்டுப் போவணும்."

அந்தப் பெண் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொளஞ்சியம்மாள் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டிக்கொண்டாள். மாமரத்தடியில் ராஜமாணிக்கம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசுகிறார் என்று இங்கே கேட்கவில்லை. அவள் காதைத் தீட்டவும் இல்லை.