சிந்தாத தேத்தண்ணி

றொபேட் கேக் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு கொட்டாஞ்சேனையில் யேசுரட்ணம் வீட்டு மேசையில் இந்தியாவைப் பரப்பத் தொடங்கினான். சீனிக் கிண்ணம் தனுஷ்கோடி. பால் கோப்பை மதுரை. வீட்டுக்காரி பிறிஜெற்றின் மூக்குக்கண்ணாடிக் கூடு பம்பாய். போன ஞாயிற்றுக்கிழமை பம்பாய் மேசையின் நடுவில் கிடந்தது. இன்றைக்கு அது மறுகரைக்குப் போய்விட்டது. வாரத்துக்கு வாரம் இந்தியா நீண்டுகொண்டு போவதை அவன் மனைவி புளோறன்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மதுரையிலயிருந்து பம்பாய்மட்டும் காருக்குள்ள இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு போனனாங்கள்," என்றான் றொபேட். "கோப்பையிலயிருந்து ஒரு சொட்டு சோசரில சிந்தேல்லை. அப்பிடி றோட்டு. எங்கட கொழும்புக் காலி றோட்டெல்லாம் அதுக்குப் பக்கத்தில வர ஏலாது."

யேசுரட்ணம் தலையை ஆட்டினார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசியும் காய்கறியும் ஏற்றிக் கொடுக்கிற வியாபாரி அவர். கப்பல்காரரோடு பேரம் பேசும்போது ஒரு சொல்லை நம்பாதவர், றொபேட் சொன்னால் சுவிசேஷம்போலக் கேட்பார். அவர் மனைவி பிறிஜெற் கதவோரம் நின்றாள். அவளுக்குப் பின்னால் உள்ளறைக் கதவு திறந்து கிடந்தது. அங்கே அவர்களுடைய ஒரே மகள் வயலெற், முதுகெலும்பில் கசம் என்கிற காசநோய் பிடித்து, கழுத்திலிருந்து இடுப்புவரை பிளாஸ்ரர் கட்டுக்குள் இரண்டு வருஷமாக மல்லாந்து கிடந்தாள். பெண்ணுக்குப் பதினாறு வயது.

றொபேட் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன்தான். கோட்டையில் ஒரு வெள்ளைக்காரக் கொம்பனியில் தலைமைக் கிளாக்கராகி, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் ஒரு வாடகை வீடும் எடுத்த பிறகு, கொட்டாஞ்சேனைக்கு வருவதை ஏதோ காட்டுக்கு வேதம் போதிக்கப் போவதுபோல் செய்தான். வெள்ளவத்தையில் கோயில் இல்லாமலா. அங்கே இவனுடைய காரை யார் ஏறெடுத்துப் பார்க்கப் போகிறார்கள். அதனால்தான் ஞாயிறு தவறாமல் பழைய பங்குக் கோயில் வாசலில் அந்தப் பச்சைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, மூன்றுமுறை கதவைத் திறந்து மூடி, பிறகுதான் பூசைக்கு உள்ளே போவான். "பம்பாய்க்குப் போய்வந்த கார்" என்று யாராவது சொன்னால் அன்றைக்கு நற்கருணை வாங்காவிட்டாலும் அவனுக்கு வயிறு நிறைந்துவிடும்.

கார் பம்பாய்க்குப் போனது உண்மை. அதை மறுக்க முடியாது. தலைமன்னாரில் கப்பலேற்றி, தனுஷ்கோடியில் இறக்கினார்கள். அங்கிருந்து மண்டபம்வரை றோட்டே கிடையாது. கடல்மேல் ரயில் பாலம்தான். கார்களைத் திறந்த வேகனில் ஏற்றிச் சங்கிலியால் கட்டி மண்டபத்தில் இறக்கிவிடுவார்கள். அங்கேதான் றொபேட்டின் வீரம் தொடங்கியது. அன்று பின்னேரத்துக்குள்ளேயே அது முடிந்தும் போனது. றோட்டு என்ற பெயரில் ஒரு வண்டித்தடம். ஒவ்வொரு குழியிலும் புளோறன்ஸின் தலை கூரையில் இடித்தது. ஒருமுறை நாக்கைக் கடித்து வாயெல்லாம் இரத்தம். மதுரைக்கு முன்னால் வருகிற பரமக்குடிக்கு இந்தப் பக்கத்தில் எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. பிரேக்கைப் பிடிப்பதற்குப் பதிலாக றொபேட் ஹோர்னைப் பிடித்தான். மாடுகள் நின்ற இடத்தில் நின்றன. கார் மட்டும் கரையிறங்கிக் கண்மாய்க்குள் போய் நின்றது.

அந்த மாடுகளைக் கொண்டுதான் காரை வெளியே இழுத்தார்கள். வண்டிக்காரன் சிரிக்கக்கூட இல்லை. புளோறன்ஸ் இடுப்பளவு சேற்றில் நிற்கும்போது, றொபேட் காரின் சீற்றில் ஏறி நின்று தன் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். மனதுக்குள் அவனை 'அவர்' என்று நினைக்கிற பழக்கத்தை அவள் அந்தக் கண்மாயிலேயே விட்டுவிட்டாள். வாயில் மட்டும் மரியாதை மிச்சமிருந்தது.

பிறகு அவன் ஸ்ரியறிங்கைத் தொடவில்லை. அடுத்த ஸ்ரேஷனில் காரை மறுபடி வேகனில் ஏற்றினான். மதுரையில் இறக்கவில்லை. அதற்குப் பிறகும் இறக்கவில்லை. இடையில் அகலத் தண்டவாளத்துக்கு மாறுகிற இடத்தில் மட்டும் கூலிகள் தள்ளி வேறு வேகனுக்கு மாற்றினார்கள். பயணிகள் பெட்டியில் போய் இருக்கலாம் என்று ரயில் கார்ட் எவ்வளவோ சொன்னான். றொபேட் கேட்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தான். தண்டவாளம் வளைந்தால் இவனும் ஸ்ரியறிங்கை வளைத்தான். ரயில் கேற்றடியில் சனத்தைக் கண்டால் ஹோர்ன் அடித்தான். மலையும் பாலமும் சுரங்கமுமாக ஒரு தேசம் முழுவதும் ஒரு மனிதன் ரயில்மேல் இருந்து கார் ஓட்டிக்கொண்டு போனான். பக்கத்தில் இருந்த புளோறன்ஸுக்கு முதல் நாள் சிரிப்பு வந்தது. இரண்டாம் நாள் அதுவும் வரவில்லை.

தேத்தண்ணி சிந்தவில்லை என்பதும் பொய்யில்லை. ரயில் நிற்கிற ஸ்ரேஷன்களில்தான் வாங்கிக் குடித்தார்கள்.

இந்தப் புளுகால் ஆருக்கும் ஒரு கேடுமில்லை, அளக்கிறவன் அளக்கட்டும் என்றுதான் இத்தனை வாரமும் இருந்தாள். காற்று ஊதின பலூனோடு எவள் வாதாடுவாள்.

பிறிஜெற் வந்து கண்ணாடிக் கூட்டுக்குப் பக்கத்தில் கையை ஊன்றினாள்.

"அண்ணே, கோவா இதில எங்க?"

றொபேட் யோசிக்கவே இல்லை. ஒரு கேக் துண்டை எடுத்து பம்பாய்க்குக் கீழே வைத்தான். "இதில. திரும்புற வளைவு எல்லாம் எனக்குப் பாடம்."

"வாற மார்கழியில கோவாவில சவேரியாரின்ர உடலைச் சனம் பார்க்க வைக்கினமாம். பங்குச் சுவாமி பிரசங்கத்தில சொன்னவர்," என்றாள் பிறிஜெற். "பிள்ளையைக் கொண்டுவந்து அந்தப் பாதத்தைத் தொட வைக்கிறன் எண்டு நான் நேர்ந்துபோட்டன். ரயில் கோச்சியில கொண்டுபோக ஏலாது. ஏத்தி இறக்கி, ஆக்கள் இடிச்சு. ஆனா நீங்கள் சொல்லுற றோட்டெண்டால், பின் சீற்றில படுக்க வைச்சு, வீட்டு வாசலில ஏத்தினால் கோயில் வாசலில இறக்கலாம். என்ன சொல்லுறியள்?"

"டொக்டர் என்ன சொன்னவர்?" என்று புளோறன்ஸ் கேட்டாள்.

யேசுரட்ணம் குரலைத் தாழ்த்தினார். "ஆடாமல் கிடக்கோணுமாம். ஒரு நல்ல குலுக்கல் போதும், இடுப்புக்குக் கீழ உணர்வில்லாமப் போயிடுமாம். ஆனா அண்ணன்ர கதையைக் கேட்ட பிறகுதான் எனக்கே ஒரு தைரியம் வந்தது. அண்ணன் ஒருக்கா எங்களோட வந்து ஓட்டினால் போதும்."

எல்லாரும் றொபேட்டைப் பார்த்தார்கள். புளோறன்ஸும் பார்த்தாள். இப்போது சொல்லிவிடுவான் என்றே நம்பினாள். ஒரு பெண்ணின் இரண்டு கால்களைப் பணயமாக மேசையில் வைத்தால்கூடவா ஒருவன் தன் தொப்பியைக் கழற்றமாட்டான்.

"அதுக்கென்ன," என்றான் றொபேட். "லீவுதான் பார்க்கோணும்."

வெள்ளவத்தைக்குத் திரும்பின பிறகு, அவன் சாய்மனைக் கதிரையில் சரிந்து கண்ணை மூடப் போகும்போது புளோறன்ஸ் முன்னால் போய் நின்றாள்.

"இஞ்சருங்கோ. நாளைக்கே போய்ச் சொல்லுங்கோ."

"என்னத்தை?"

"காரை வேகனில ஏத்தச் சொல்லுங்கோ. பிள்ளையைக் காருக்குள்ள படுக்க வைச்சபடி கொண்டு போகலாம். கோச்சியும் ஆட்டும்தான். ஆனா கண்மாய்க்குள்ள தூக்கிப் போடாது."

"அது எனக்கெப்பிடித் தெரியும் எண்டு கேட்பினம்."

"கேட்கட்டுமே."

"கத்தோலிக்க சங்கத்தில பம்பாய்ப் பயணத்தைப் பற்றி அடுத்த மாதம் பேசக் கேட்டிருக்கினம், தெரியுமோ. சுவாமிமார் வருவினம். அதுக்குப் பிறகு வேணுமெண்டால் பார்ப்பம்." அவன் கண்ணை மூடிக்கொண்டான். "எல்லாத்துக்கும் சவேரியார் இருக்கிறார்."

அவனுடைய புளுகைச் சவேரியார் சுமக்க வேண்டுமாம். அவள் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். இருபது வருஷம் இந்த மூஞ்சிக்குச் சோறு போட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் அவன் வேலைக்குப் போனதும் ரயிலில் கோட்டைக்கு வந்து, றிக்‌ஷா பிடித்துக் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்த பிறிஜெற்றிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கண்மாய், மாடு, வேகன், ஹோர்ன், எல்லாம். கடித்த நாக்கை நீட்டித் தழும்பைக்கூடக் காட்டினாள்.

பிறிஜெற் மீனை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். அவள் முகத்தில் முதலில் பயம் வந்தது. பிறகு அது வேறு ஏதோவாக மாறியது. இரண்டு வருஷமாக ஒரு கதவும் திறக்காத வீட்டில் ஒரு கதவு திறந்திருக்கிறது. அதை மூட வந்தவளை அவள் எப்படிப் பார்ப்பாள்.

"அக்கா, உங்கட மனுசனைப் பற்றி நீங்களே இப்பிடிக் கதைக்கலாமோ."

"பொய்யெண்டு நினைக்கிறீரோ?"

"உங்களுக்கு நாங்கள் போறது பிடிக்கேல்லை. பம்பாய்க்குப் போன ஆக்கள் நீங்கள் மட்டும்தான் எண்டு இருக்கோணும்." அவள் மீனைத் திரும்ப எடுத்தாள். "பிள்ளை பெத்தவளுக்குத்தான் அக்கா இந்தத் தவிப்பு விளங்கும்."

புளோறன்ஸ் பிள்ளையில்லாதவள். அவள் எழுந்தாள். உள்ளறையைக் கடக்கும்போது வயலெற் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பி இவளைப் பார்த்தது தெரிந்தது.

அடுத்த ஞாயிறு பிறிஜெற் எல்லார் முன்னிலையிலும் றொபேட்டிடம், அந்த வேகன் கதை உண்மையோ என்று கேட்டாள். அவன் புளோறன்ஸைப் பார்த்தான். பிறகு சிரித்தான். குழந்தையின் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதுபோல் சிரித்தான்.

"கோச்சியில ஏத்தினது உண்மைதானே. தனுஷ்கோடியிலயிருந்து மண்டபம்மட்டும். அதுக்குப் பிறகு இவ ஒரே நித்திரை. கண் முழிச்சதே பம்பாயில. பாவம், முழுக்கக் கோச்சி எண்டு நினைச்சுப்போட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். யேசுரட்ணம்கூடச் சிரித்தார். உண்மையைக் கொஞ்சம் கிள்ளிப் பொய்க்குள் வைத்தால் எவ்வளவு ருசியாக இருக்கிறது. புளோறன்ஸ் தன் கோப்பையை எடுத்து, கடைசிவரை குடித்து, சோசரில் கவிழ்த்து வைத்தாள். இந்த வீட்டில் இனி வாயால் செய்ய ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

புறப்படுகிற நாள் வந்தது. லீவு கிடைத்திருந்தது. ஆனால் விடிந்ததும் றொபேட்டுக்கு வயிற்றோட்டம். நம்புகிறவர்கள் நம்பலாம். போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு முனகினான். பிறகு எப்படியோ தெம்பு வந்து, கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வழியனுப்ப மட்டும் வந்துவிட்டான். வீட்டுக்கு முன்னால் ஒழுங்கை நிறையச் சனம். யேசுரட்ணத்தின் பழைய கறுப்புக் காரில் பின் சீற்றைப் பலகை போட்டு அகலமாக்கி, மெத்தை விரித்து, வயலெற்றை நாலு பேர் தூக்கிக் கிடத்தினார்கள். றொபேட் பொனற்றில் கையை வைத்துக்கொண்டு பாதை சொன்னான். யேசுரட்ணம் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு, "ஓம் அண்ணன், ஓம் அண்ணன்," என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுகிற வேலை இனி அவருடையது.

புளோறன்ஸ் தன் சிறிய றங்குப் பெட்டியைக் கால்வைக்கிற இடத்தில் தள்ளிவிட்டு, வயலெற்றுக்குப் பக்கத்தில் இருந்த ஒடுங்கின இடத்தில் ஏறிக் குந்தினாள். முன் சீற்றிலிருந்து பிறிஜெற் திரும்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், மெத்தை நுனியை இழுத்து அவளுக்கு இடம் விட்டாள்.

றொபேட் ஜன்னலடிக்கு ஓடிவந்தான். "நீர் எங்க போறீர்?"

"மண்டபத்தில காரை இறக்காமல் பார்க்க ஆள் வேணும்."

"என்ர மானத்தை வாங்கப் போறீர்."

"அதை வாங்கி நான் எங்க வைக்கிறது," என்றாள் புளோறன்ஸ். "தள்ளி நில்லுங்கோ, கால் நசியும்."

கார் நகர்ந்தது. பின்னால் அவன் சனத்துக்கு ஏதோ சொல்வதும் சனம் சிரிப்பதும் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. களனி ஆற்றுப் பாலம் வந்தது. பாலத்தில் ஏறும்போது வயலெற் ஒரு விரலால் அவளுடைய சேலையை இழுத்தாள். புளோறன்ஸ் குனிந்தாள்.

"அன்ரி, அங்கிள் ஓட்டேல்லை எண்டு எனக்கு முந்தியே தெரியும்."

"எப்பிடி?"

"ஒவ்வொரு ஞாயிறும் ஊருகள் இடம் மாறும். ஒருக்கா மதுரைக்குப் பிறகு பரமக்குடி வந்தது. படுத்துக் கிடக்கிறனான், கேட்கிறதுதானே எனக்கு வேலை."

புளோறன்ஸ் இன்னும் குனிந்தாள். "பின்ன ஏனடி அம்மாட்டச் சொல்லேல்லை? உன்ர கால் ரெண்டும் போயிடும், தெரியுமோ?"

"சொன்னால் கூட்டிக்கொண்டு வந்திருக்கமாட்டினம்," என்றாள் வயலெற். அவ்வளவுதான் சொன்னாள். சவேரியாரைப் பற்றியோ குணமாவதைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. அவள் முகத்தில் வெயில் விழுந்து விழுந்து போனது. இரண்டு வருஷமாக வெயில் படாத முகம், தேங்காய்ப் பூ நிறத்தில் இருந்தது.

றொபேட்டுக்கென்று புளோறன்ஸ் சேர்த்து வைத்திருந்த சொல்லெல்லாம் நாக்கில் நின்றன. இந்தப் பெண்ணுக்கு அவற்றில் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

"பின்னால என்ன குசுகுசுக்கிறியள்?" என்று பிறிஜெற் கேட்டாள்.

"ஒண்டுமில்லை. மெதுவா ஓட்டச் சொல்லும்."

பாலத்தைத் தாண்டினதும் பேலியகொடைப் பக்கம் றோட்டு உடைந்து கிடந்தது. முதல் குழி. புளோறன்ஸ் இரண்டு கைகளையும் பிளாஸ்ரருக்கு அடியில் கொடுத்தாள். கார் விழுந்து எழுந்தபோது பலகைக்கும் பிளாஸ்ரருக்கும் நடுவில் அவள் விரல் முட்டிகள் நொறுங்குவதுபோல் நசிந்தன. அவள் கையை எடுக்கவில்லை. தலைமன்னார் இன்னும் கனதூரம்.

வயலெற் கழுத்தை எட்டின மட்டும் தூக்கி, சதுப்பு நிலத்தில் மூக்கு மட்டும் தெரிய அமிழ்ந்து கிடந்த ஒரு எருமையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது பின்னால் போனதும், "அன்ரி, அந்தப் பக்கம் என்ன தெரியுது?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் அடுத்த குழி தெரிந்தது.